பல்லியை முந்தி ஓடினேன்

தூஸ்த்லா மலையடி,
ஞாயிறு மதியம்.

என் அருமைக் கிழவர் கிரிசாந்தோவுக்கு,

உங்கள் ஒத்தீலியா எழுதுவது. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் தக்காளித் தோட்டத்தில் வெயில் எப்படி? கார்மென் மாதா உங்கள் தலைக்கு நிழலாக இருக்கட்டும். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். வலது கை வீங்கிவிட்டது, இது இடது கை. எந்தக் கையால் எழுதினாலும் ஒன்றுதான் என்பீர்கள், தெரியும்.

காலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே கிடந்த மக்கிய கட்டையைப் புரட்டினேன். அடியில் கைவிட்டதும் சுருக்கென்றது. கூடவே மஞ்சள் புள்ளி போட்ட கரும்பல்லி ஒன்று வெளியே ஓடியது. கடித்தால் ஆள் தேறாது என்று ஊரே நடுங்குமே, அதே இரவுப் பல்லிதான். பக்கத்து வீட்டு எர்மெலிந்தா, “அடியே நிக்காதே, ஓடு! பல்லி தண்ணி குடிக்கிறதுக்குள்ள நீ குடிச்சாத்தான் பொழைப்பே!” என்று கத்தினாள். ஓடினேன். இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடை வரை நான் ஓடியதைப் பார்த்திருந்தால் என்னை இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொண்டிருப்பீர்கள். வயிறு முட்டக் குடித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

எர்மெலிந்தாவின் புருஷன் நிக்கானோர் பல்லியைப் பானைக்குள் பிடித்து வைத்திருந்தான். நம் பின்னறையில் தங்கிப் பல்லிகளை ஆராயும் அந்தப் பெண் யாரெலி அதை வெறுங்கையில் எடுத்தாள். இந்த இனத்தில் பல வகை உண்டாம், எதற்கும் விஷம் கிடையாதாம். முட்டையிடாமல் குட்டி போடுமாம். தெற்கே சில இடங்களில் எல்லாமே பெண்தானாம், ஆண் துணையே தேவையில்லையாம். “பாத்தியா எர்மெலிந்தா, அங்கெல்லாம் ரொட்டி சுடுற வேலை பாதி மிச்சம்டி” என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

பிறகு யாரெலி என் கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பல் தடம், நன்றாகத் தள்ளித் தள்ளி. பல்லியின் வாயோ ஒரு சோள மணி அகலம். “அக்கா, ஓடினீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கட்டைக்கு அடியில் பாம்பு இருந்திருக்கிறது. நாங்கள் பல்லியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பல்லி என்று இருந்தவரை எனக்குப் பயமில்லை. இப்போது பயமாக இருக்கிறது, கிழவரே. வீக்கம் முழங்கையைத் தாண்டிவிட்டது. ஈறில் ரத்தம் கசிகிறது. பாலம் வெள்ளத்தில் போய்விட்டதால், நிக்கானோர் கோவேறு கழுதையில் மலையைச் சுற்றி மருந்துக்குப் போகிறான். இந்தக் கடிதமும் அவன் பையில் வரும். ஓடினால் விஷம் சீக்கிரம் ஏறுமாம், அதுவரை ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டுமாம். என்னைப் போய் அசையாமல் இருக்கச் சொல்கிறார்கள்!

பல்லி சினையாக இருந்ததால் யாரெலி அதைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டாள். வந்ததும் அதை அடிக்காதீர்கள். அந்தக் கட்டையைக் கையால் தொடாதீர்கள், கழியால் தட்டிப் பாருங்கள். அறுவடை முடியட்டும் என்று நிற்காமல் வாருங்கள்.

மாதா உங்களை வழியெல்லாம் காக்கட்டும்.

உங்களை முந்திக்கொண்டு போய்விடாமல் காத்திருக்கப் பார்க்கும்,
உங்கள் கிழவி
ஒத்தீலியா