பதினாலு சாவி

அக்கா,

இன்று காலை காளவாசலில் ஷேர் ஆட்டோவில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் துப்பட்டாவில் சுட்ட ரப்பர் வாசம் அடித்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாசம். "எந்தக் கம்பெனிம்மா?" என்றேன். அவள் சொன்னது நாம் வேலை பார்த்த ரப்பர் கம்பெனி இல்லை. அடுத்து நான் கேட்டது, "அங்க பாத்ரூம் பக்கத்துல இருக்கா?" அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இதை உன்னிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. விளாங்குடி தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் அந்தத் தகரக் கொட்டகை. ரப்பர் வாஷர்களின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டுகிற வேலைக்குப் பெண்கள் பதினாலு பேர். ஆண்களுக்குக் கொட்டகைக்குப் பின்னாலேயே கழிப்பறை இருந்தது. நமக்கு, கேட்டைத் தாண்டி ஆபீஸ் கட்டடத்தில். அதுவும் பூட்டி, சாவி டைம்கீப்பர் மேசையில் கிடக்கும். போய் நின்றால், "இப்பத்தானே போன?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்பார். அந்தப் பேச்சுக்குப் பயந்தே காலையில் அரை டம்ளர் டீயோடு சரி. சித்திரை வெயிலிலும் சாயங்காலம் வரை யாரும் தண்ணீரைத் தொட மாட்டோம்.

முதலில் விழுந்தது நான்தான். குளிர்காய்ச்சல், அடிவயிற்றில் எரிச்சல். முனிச்சாலையில் உன் வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் நீதான் கூட்டிப்போனாய். "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று அவர் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே வந்ததும் நீ முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னாய்: "நாளைலருந்து எல்லாரும் தண்ணி குடிப்போம்டி. வேற எதுவும் செய்ய வேணாம். குடிப்போம், வந்தாப் போவோம். அம்புட்டுத்தான்."

மறுநாள் வீட்டிலிருந்து பெரிய கேனைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாய். இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். என் டம்ளரை நான் பிசிறுக் கூடைக்குள் கவிழ்த்தேன். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். வேலை போய்விடுமோ என்று பயம். நீ பார்த்துவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே அடுத்தவளுக்கு ஊற்றப் போய்விட்டாய்.

அன்று மற்றவர்களும் டம்ளரை வாயில் வைக்கவில்லை; நீ தனியாளாக ஆறு தடவை நடந்தாய். டைம்கீப்பர், "என்ன, இன்னைக்கு ஒரேயடியா?" என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணுக்கு வருதுண்ணே. சாவியக் குடுங்க."

வழக்கமாக நாம் முணுமுணுப்பதை நீ கொட்டகைக்கே கேட்கும்படி சொன்னாய். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் ஐந்து பேர் குடித்தார்கள். மூன்றாம் நாள் நானும். வெட்டாத வாஷர்கள் மேசைமேல் குவிந்தன. சரக்கேற்ற வந்த லாரி மதியம் முழுக்க வாசலில் நின்றது.

மேனேஜர் உன்னைக் கூப்பிட்டனுப்பினார். துணைக்கு நானும் வந்தேன். "நீ விவரமான ஆளு. உனக்கு மட்டும் தனியா ஒரு சாவி தாரேன். சத்தமில்லாம வேலையப் பாரு" என்றார்.

"நாங்க பதினாலு பேரு இருக்கோம் சார். பதினாலு சாவி அடிங்க. இல்லையா, கொட்டகைப் பக்கத்துல ஒண்ணு கட்டி உள்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் போடுங்க. எது தோதுன்னு நீங்களே பாருங்க."

உன் குரல் அசையவில்லை. புடவைத் தலைப்புக்குள் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். உனக்கும் பயம் இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொட்டகைப் பக்கத்திலேயே இரண்டு மாதத்தில் கழிப்பறை கட்டி முடித்தார்கள். அந்த வாரமே உன்னை ரப்பரில் கரித்தூள் கலக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். துப்பினால் கறுப்பாக வரும் என்பாய். வேலையை நிறுத்திவிட்டு உனக்காகப் போய்க் கேட்கலாம் என்று நாங்கள் சொன்னபோது நீ விடவில்லை.

"எனக்காகக் கேக்காதீங்கடி. இப்பத்தான் நம்மளப் பாத்து யோசிக்கிறாய்ங்க." பிறகு என் பக்கம் திரும்பினாய். "சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு பாரு, அதக் கேளு. நீ கேளு."

ஒரு வருடம் அங்கே தாக்குப்பிடித்துவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாய். சூப்பர்வைசர் வேலையை நான் கேட்டேன். இரண்டு தடவை, "பொம்பளைக்கு எதுக்கு?" என்றார்கள். மூன்றாம் தடவை கொடுத்தார்கள். ஸ்வீட் பாக்கெட்டோடு உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். "யா அல்லா, இம்புட்டு நாளாச்சா இவய்ங்களுக்கு!" என்று நீ சிரித்த சிரிப்புக்கு நடுவே, கவிழ்த்த டம்ளரைப் பற்றிப் பேச மனம் வரவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஆனையூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலைத்தளப் பொறுப்பு எனக்கு. போன வாரம் புதுக் கொட்டகைக்கு வரைபடம் வந்தது. பெண்கள் கழிப்பறை கடைசி மூலையில், மூன்று படி ஏறி. எங்களிடம் போலியோ வந்த காலோடு ஒரு பெண் தைக்கிறாள். முன்பு என்றால் அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இன்ஜினியரிடம் படியை எடுத்துவிட்டுச் சரிவாகப் போடச் சொன்னேன்.

"ஒரு ஆளுக்காகவா மேடம்?"

"ஆமா. ஒரு ஆளுக்காகத்தான்."

கேட்கும்போது குரலைத் தாழ்த்தாமல் கேட்பது உன்னிடமிருந்து வந்தது. உள்ளே நடுங்கினாலும் பரவாயில்லை என்பதும் உன்னிடமிருந்துதான். இன்ஜினியர் வரைபடத்தை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை சிமெண்ட் போட ஆட்கள் வருகிறார்கள். சரிவு இறுகிக் காயும்வரை நான் அங்கேயே நிற்பேன்.