புதுப் பேனல் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நான் அன்றைக்கே சொன்னேன். நீ அனுப்பிய பார்சலைப் பிரித்து அந்த ஆட்டோ பைலட் பேனலை மேசைமேல் வைத்தபோதே, அண்ணே இது வேற வீட்டுப் பிள்ளை, நம்ம விமானத்தோட ஒட்டாது என்று சொன்னேன். எண் தெரியாது என்று சொன்னேன், விளக்கு மினுக்கும் என்று சொன்னேன், அப்டேட் போட்டால் எல்லாம் படுத்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். நான் சொன்ன வரிசை மாறாமல் அத்தனையும் நடந்தது, யாராவது காதில் போட்டுக்கொண்டால்தானே. சரி, முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே குளிர் குறைந்ததா. இங்கே உன் அப்பா, உன் அம்மா, மாடி அறையில் நான், மூன்று பேரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், கொஞ்சம் களைத்துப்போய் நலம் என்று வைத்துக்கொள். போனில் சொல்லக்கூடாதா என்பாய். உங்கள் வீட்டுப் போன் ஹாலில் ஸ்பீக்கரில்தான் பேசும், உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். என் போனில் பேசினாலும் என் குரல் மாடியிலிருந்து ஹால்வரைக்கும் இறங்கும். டைப் அடிக்கலாம் என்றால் முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டித் தடித்த விரல் இது, ஓர் எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படி. முக்கியமான சமாச்சாரம் இதுதான். பழைய பேனல் ஒத்துவரவில்லை என்பதால் புதிது ஒன்று ஆர்டர் போடப்போவதாகச் சொன்னாயாம். போடாதே. போட்டிருந்தால் ரத்து செய். கோளாறு பேனலில் இல்லை. எதில் என்று சொல்கிறேன், வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது, உன் அறையை இப்போது பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. நீ படித்த மேசை இருந்த இடத்தில் ஒரு விமானத்தின் மூக்கு இருக்கிறது. பிளைவுட்டை அறுத்து, சாம்பல் பெயிண்ட் அடித்து, பழைய சாமான் கடையில் எடுத்த பஸ் டிரைவர் சீட்டைப் பூட்டி, எதிரே கம்ப்யூட்டர் விமானம் ஓட மூன்று திரை வைத்திருக்கிறோம். கதவு முழுசாகத் திறக்காது, உன் அம்மா பக்கவாட்டில் நுழைந்துதான் பெருக்குகிறார். பலகை பூராவையும் அறுத்தது நான், உன் அப்பா பிடித்துக்கொண்டிருந்தார், அல்லது அவர் அறுத்து நான் பிடித்தேன், எப்படியோ வேலை முடிந்தது. முப்பத்தொரு வருஷம் விமான நிலையத்தில் டிராக்டரை வைத்து விமானங்களைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவையாவது முன்பக்கமாக ஓட்டிப் பார்க்கிறேன் என்கிறார், எப்படி வேண்டாம் என்பது. அதிலும் நீ அங்கே சாப்பாட்டு மேசையில் விமானத்தைத் திருப்புகிற கைப்பிடியை மாட்டிக்கொண்டு கோபைலட்டாக உட்கார, இவர் இங்கே கேப்டனாக உட்கார, நம் ஊரில் கிளம்பி உன் ஊரில் இறக்குவது என்று நீங்கள் இருவரும் போட்ட திட்டம் இருக்கிறதே, அதை அவர் பால்காரரிடம்கூடச் சொல்லியாயிற்று. பதினோரு மணி நேரப் பயணம், அத்தனை நேரம் கையால் பிடிக்க யாராலும் முடியாது, ஆட்டோ பைலட் இல்லாமல் ஆகாது. நாலு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயணம் தள்ளிப்போனது அதனால்தான் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

முதல் வாரம் பேனலில் உயரம், வேகம், திசை காட்டுகிற மூன்று கட்டத்திலும் வெறும் கோடு. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். பேனல் பேசுவதை விமானத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்ல நடுவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறது, விமானம் புதுப் பதிப்புக்குப் போய்விட்டது, இது பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது என்றார். நானும் மனதுக்குள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் முந்திக்கொண்டார். புதிதை இறக்கினோம், எண் வந்தது. இரண்டாம் வாரம் விளக்கெல்லாம் கண் சிமிட்டியது. அது என் இலாகா. கரண்டு போதவில்லை என்றால் எனக்கு வாசனையிலேயே தெரியும். பேனல், கைப்பிடி என்று ஐந்து கருவியையும் ஒரே யுஎஸ்பி துளையில் தொங்கவிட்டால் கரண்டுக்கு அது எங்கே போகும், தனி அடாப்டர் உள்ள ஹப் ஒன்றைக் கொண்டுவந்து சொருகினேன், விளக்கு ஆணி அடித்த மாதிரி நின்றது. கடைக்காரர் அசந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க இருக்க வேண்டிய இடமே வேற" என்றார். மூன்றாம் வாரம் பேனலில் திசை வைக்கிற திருகை ஒரு சொடுக்குத் திருப்பினால் ஒரு டிகிரிக்குப் பதில் இரண்டு டிகிரி ஓடியது, அதையும் அடக்கினோம். அப்புறம் வந்தது பார் ஒன்று, அதுதான் ஆளைத் தின்றுவிட்டது.

ஆட்டோ பைலட் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும். நாலு எண்ணுவதற்குள் அணைந்துவிடும், உடனே கீங் கீங் என்று அலாரம் கத்தும். அழுத்தினால் எரியும், நாலு, கீங் கீங். காலையில் ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இதே பாட்டு. கேபிளையெல்லாம் கழற்றி ஒவ்வொன்றுக்கும் காகிதம் ஒட்டி எண் போட்டு மறுபடி மாட்டினேன். எல்லா சாஃப்ட்வேரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினோம். அடுத்த வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "உங்க வீட்ல என்ன ஆம்புலன்ஸ் வளக்கறீங்களா" என்று கேட்டாள். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இன்னும் தரையை விட்டே கிளம்பல, எனக்குத்தான் தலை சுத்துது" என்றார். எனக்குக் குனிந்து நிமிர்ந்து முழங்கால் விட்டுப்போயிற்று, என் கடையில் ஏழு மோட்டார் கட்டாமல் கிடக்கிறது. கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார், பேனல் இதுக்கு ஆகாது சார், வேற பாத்துக்குங்க என்றார். அதைத்தான் உன் அப்பா உன்னிடம் சொன்னார், நீயும் தப்பான பேனலை அனுப்பிவிட்டோமே என்று வருத்தப்பட்டாயாம். வருத்தப்படாதே.

இந்த மாதிரி வீட்டில் விமானம் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. நான் போனில் வாயால் சொல்லி மொழிமாற்றி அங்கே கேள்வி போட்டேன். உலகத்தின் மூலை முடுக்கிலிருந்து நாற்பது பேர் பதில் சொன்னார்கள். சரி, நாலு பேர். அதில் பூனைப் படம் வைத்திருந்த ஒருவர்தான் விஷயம் தெரிந்தவர். அவர் எழுதியது இது. ஆட்டோ பைலட் தானாக விடாது, அது பிடித்திருக்கும்போது யாராவது கைப்பிடியை அசைத்தால், சரி, கேப்டன் தானே ஓட்ட நினைக்கிறார் போலிருக்கிறது என்று மரியாதையாக விட்டுவிடும், உங்கள் கைப்பிடியை ஏதோ அசைக்கிறது, வேறு ஓர் ஆளை உட்காரவைத்துப் பாருங்கள் என்றார். நான் உட்கார்ந்தேன். கைப்பிடிமேல் கையை வைத்தபடியே பொத்தானை அழுத்தினேன். பச்சை எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நாற்பது நிமிஷம் பாப்பா, ஒரு கடலையே தாண்டிவிட்டேன். "பாத்தீங்களாண்ணே, மெஷினுக்கே ஆள் தெரியுது" என்று நான் கத்த, "எந்திரிடா, பெரிய கேப்டனு" என்று உன் அப்பா என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நாலு எண்ணினேன், கீங் கீங். மறுபடி கீங் கீங். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என்னவோ போல் இருக்கிறது.

கைப்பிடி எங்கே நிற்கிறது என்று காட்டுகிற பக்கம் ஒன்று திரையில் உண்டு, நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி இருக்கும். அதைத் திறந்தேன். என் கையை வைத்தபோது குறி அப்படியே நின்றது. அண்ணே, சும்மா கைய வைங்க, திருப்பாதீங்க என்றேன். "நான் எங்கடா திருப்பறேன்" என்றார். குறி கொசு மாதிரித் துடித்தது. கையை எடுத்தார், நின்றது. வைத்தார், துடித்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்புறம் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "கேபிள் லூஸ் போலடா" என்றார். ஆமாண்ணே, கேபிள்தான் என்றேன்.

டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், என் டம்ளர் விளிம்புவரைக்கும், உன் அப்பா டம்ளர் பாதிக்கும் ஊற்றி வருகிறார் அண்ணி. எத்தனை நாளாக என்று கேட்டேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "ஆறு மாசமாச்சு. உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிரும்னுதான் சொல்லல" என்றார். உன் பார்சல் வந்த அன்று கூரியர்காரரிடம் கையெழுத்துப் போட என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார் அண்ணன், என்மேல் அவ்வளவு மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போய்ப் பெரிதாகப் போட்டுக்கொடுத்தேன். நாலு வாரம் ஒயரை முகர்ந்து பார்த்தவன், பக்கத்தில் இருந்த கையைப் பார்க்கவில்லை.

பூனைப் படக்காரரே ஒரு வழியும் சொன்னார். கைப்பிடி இவ்வளவு தூரம்வரை அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று சாஃப்ட்வேரில் ஓர் அளவு வைக்கலாமாம். உன் அப்பா குளிக்கப் போன நேரத்தில் வைத்துவிட்டேன். இப்போது ஆட்டோ பைலட் விழவில்லை, கேபிளை மாத்தினேண்ணே என்று சொல்லிவைத்திருக்கிறேன், நீயும் அப்படியே சொல். விமானத்திடம் கண்டுகொள்ளாதே என்று சொல்லியாயிற்று, நான் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருப்பது. அதனால் வியாழக்கிழமை காலை நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய டாக்டர், அவரைப் பார்க்கவே ஒரு மாதம் காத்திருப்பார்கள், எனக்கு இரண்டு நாளில் கிடைத்தது. உன் அப்பாவைக் கையை நீட்டச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், தாளில் சுருள் சுருளாக வரையச் சொன்னார். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, நான் சொன்ன விளக்கத்தைக் கேட்டதும் நீங்க எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். கடைசியில், வயசானா வர்றதுதான், பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரைகூட வேணாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே நீ மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம்.

மற்றபடி தண்ணீர் மோட்டார் மறுபடி கத்துகிறது, பார்க்க வேண்டும், சொந்த வீட்டு மோட்டார் என்றால் கை போவதில்லை. உன் அம்மா கண்ணாடி மாற்றிவிட்டார், ஊசியில் நூல் கோக்க இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. நீ திரை முன்னால் உட்கார்ந்தே இருக்காதே, நடுநடுவே எழுந்து நட. நீ எடுத்த வேலை எல்லாம் நல்லபடி முடியட்டும், போகிற இடமெல்லாம் உன்னைப் பிடித்தவர்கள் இருக்கட்டும், பெற்றவர்களோடு என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

இவ்வளவு எழுதி முடித்து எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டேன். அனுப்பப் போய், அனுப்பாமல் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் கடலைத் தாண்டியது, கடைக்காரர் கையைப் பிடித்தது, இதையெல்லாம் நீயே பாதியாக வெட்டிக்கொண்டுதான் படிப்பாய், உனக்கு என்னைத் தெரியும். டாக்டர் சொன்னதை வெட்டமாட்டாய். வெட்டக்கூடாது என்றுதான் மூக்கைத் தொட்டது, சுருள் வரைந்தது என்று அவ்வளவு நுணுக்கமாக எழுதினேன். நாங்கள் டாக்டரிடம் போகவே இல்லை பாப்பா. டோக்கன் வாங்கியது நிஜம். வியாழக்கிழமை காலை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால், உன் அப்பா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்கிறார். முதல் பொத்தான் போட்டிருந்தது. இரண்டாவதோடு போராடிக்கொண்டிருந்தார். நான் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருக்கலாம், எதற்கும் நிற்காத என் வாய் அதற்கு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி நாற்காலிமேல் போட்டுவிட்டு, "இன்னிக்கு வேணாம்டா, வெயிலா இருக்கு" என்றார். அன்றைக்கு வெயிலே இல்லை.

நான் சொன்னால் அவர் கேட்க மாட்டார், என் பேச்சில் பாதி கதை என்று நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவருக்குத் தெரியும். நீ சொன்னால் கேட்பார். மகளாகச் சொல்லாதே, மகளென்றால் சிரித்து மழுப்பிவிடுவார். கோபைலட்டாகச் சொல். விமானி வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப் பேப்பர் காட்டாமல் சீட்டில் உட்கார முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், டிராக்டர் ஓட்டியபோது அவருக்கே பார்த்தார்கள். மெடிக்கல் பேப்பர் இல்லாத கேப்டனோடு பதினோரு மணி நேரம் பறக்க மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாகச் சொல்லிவிடு, மறந்துவிடாதே. கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். பொத்தானை நான் போட்டுக் கூட்டிக்கொண்டு போகிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எந்த டாக்டரும் இன்னும் சொல்லவில்லை. அதை நான்தான் சொல்லிப் பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா