காய் எடுப்பு முடியட்டும் என்ற மருமகனுக்கு

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் எழுந்து நின்று சல்யூட் அடித்த ஜீப் சக்கரவர்த்தியே, என் அருமை மருமகனே பாண்டி,

நீ போன பிறகு மலை ஒரு முழம் குட்டையாகிவிட்டது. நானே அளந்து பார்த்தேன்.

மதுரையில் டாக்டரம்மா உன் ஸ்கேன் படம் காட்டியது நினைவிருக்கிறதா? இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய், வளையும் இடத்தில் பலூனாய்ப் புடைத்திருந்தது. வழி இரண்டு என்றார். நெஞ்சைத் திறந்து, உடம்பைக் குளிரவைத்து, கெட்ட பாகத்தை வெட்டியெடுத்துப் புதுக்குழாய் தைப்பது ஒன்று. மூளைக்குப் போகும் கிளைகளுக்கு மாற்றுவழி போட்டுவிட்டு, தொடை ரத்தக்குழாய் வழியாக உறைக்குழாயை அனுப்பி, புடைப்புக்கு உள்ளே அணையாகப் பொருத்துவது இன்னொன்று.

"முதலாவது ரோட்டை அடைச்சுப் புதுசாப் போடுறது. ரெண்டாவது, சைடுல வண்டிய விட்டுக்கிட்டே ஒட்டுப் போடுறது. அப்படித்தான மேடம்?" என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு முதலாவதுதான் ரொம்ப நாள் தாங்கும். ஆனா வெரசாப் பண்ணணும்."

"ஏலக்காய் எடுப்பு முடியட்டும் மேடம்."

நம் மலையில் கல்யாணமோ காதுகுத்தோ, எடுப்பு முடிந்துதானே? அந்தச் சட்டம் வியாதிக்கும் தெரியுமென்று நினைத்துவிட்டோம். காய் பறிக்கும் பெண்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்தாய். இரண்டு வழி இருக்க, மூன்றாவதில் ஏனடா போனாய்?

இப்போது சேதி கேள். ரத்த உறவெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். உன் தங்கை செல்விக்கும் அதே இடத்தில் புடைப்பு. குழாய்ச் சுவர் பிறவியிலேயே மெலிசாம். அதில் உறைக்குழாய் பிடித்து நிற்காதாம். நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும். அதிலும் உயிருக்கு ஆபத்து இல்லாமல் இல்லை என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"நெஞ்சத் தொறந்தா உள்ள என்ன மாமா இருக்கும்?" என்றாள்.

"ஒன் அண்ணன் மேல கோவம்தான் ஆத்தா. லோடு லோடா இருக்கும். ஏத்துறதுக்கு லாரி சொல்லி வச்சிருக்கேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "எடுப்பு முடிஞ்சு போவமா மாமா?" என்று கேட்டாள் பார், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டேன்.

செடியில் காய் பழுத்து வெடிக்கிறது. வெடிக்கட்டும். அணிலும் எலியும் விருந்து வைத்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை மதுரைக்குக் கிளம்புகிறோம்.

அறுவை அறை வாசலை விட்டு நான் நகர மாட்டேன், இது சத்தியம். இந்தப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் அவள் நின்று கை காட்டினால், மாப்ளே, நீ வண்டியை நிறுத்தாதே.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்து, அதே தோளில் தூக்கிப்போன
தாய்மாமன்