உள்பக்கம் சாய்ந்த முள்கம்பி

ஜூன் 9, ஞாயிறு

வீட்டைச் சுற்றி வேலி போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். மாடு வந்து செடியைத் தின்கிறது என்று மனைவி சுபாவிடம் காரணம் சொன்னேன். "எந்த மாடு?" என்றாள். நான் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டேன்.

நேற்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எதிர்வீட்டு மருதுவின் மகள் சத்தியப்பிரியாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வாசல் நிறையச் செருப்பு. என்னைப் பெற்ற அப்பச்சி எப்போது எழுந்து போனாரோ தெரியவில்லை. இரண்டு வருடமாகவே அவருக்கு நினைவு தப்பித் தப்பித்தான் வருகிறது. நேராக உள்ளே போய் நடு சோபாவில் உட்கார்ந்து, "என் வீட்ல நீங்கள்லாம் யாரு? எந்திரிங்க" என்று மாப்பிள்ளை வீட்டாரை விரட்டியிருக்கிறார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன்.

"விடுங்க சார், பெரியவுகதானே" என்றார் மருது. மாப்பிள்ளையின் தகப்பனார் என்னைப் பார்த்து, "யாரு இவுக?" என்று கேட்டார்.

"தூரத்துச் சொந்தம்" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை?

ஜூன் 13

வேலி கான்ட்ராக்டர் செம்மலை வந்தார். கண்டரமாணிக்கத்துக்காரர். வாய் ஓயாமல் பேசுகிறார். மூலைக்கு மூலை நடந்து அளந்தார். சிமெண்ட் தூண், அதில் கம்பி வலை, முன்னால் ஒரு கேட்.

"மாட்டுக்குன்னா இடுப்பு உசரம் போதும் சார். ஆள் உசரம் எதுக்கு?"

திருட்டு பயம் என்றேன். ஒரு பொய்யை மூட இன்னொன்று.

ஜூன் 24

தூண் நட்டாகிவிட்டது. இன்று மேலே முள்கம்பி கட்ட இரும்புக் கொக்கிகளோடு செம்மலை வந்தார். திருடனுக்கென்றால் கொக்கி வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். ரோட்டைப் பார்த்து வைக்கப் போனார்.

"உள்பக்கமாச் சாச்சிருங்க."

"மாத்திச் சொல்றீக சார். அங்குட்டிருந்து வர்றவனுக்குத்தானே முள்ளு?"

"சொன்னபடி செய்யுங்க."

கத்திவிட்டேன். அப்பச்சி வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்மலை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 2

வேலி முடிந்தது. கேட்டுக்குப் பூட்டும் போட்டாயிற்று. வெகுநாளைக்குப் பிறகு இன்று நிம்மதியாகக் காலேஜ் ஆபீசுக்குப் போய் வேலை பார்த்தேன்.

ஜூலை 18

அப்பச்சி நாள் முழுக்க வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். ரோட்டில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "இந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்து விடுறீகளா, கடைக்கு நேரமாச்சு" என்கிறாராம். அந்தப் பாத்திரக்கடையை விற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்று என் ஆபீசில் வேலை பார்க்கும் ரவிக்குமார், "உங்க வீட்ல யாரோ கூப்பிட்டாக சார், பாவமா இருந்துச்சு" என்றான். உடம்பெல்லாம் எரிந்தது.

வரும் வழியில் பச்சை வலைத்துணி வாங்கி வந்து, ரோட்டுப் பக்கம் முழுவதும் வேலியோடு சேர்த்துக் கட்டினேன். இனி யார் கண்ணுக்கும் தெரியாது. வெயிலுக்கு நல்லது என்று சுபாவிடம் சொன்னேன்.

"யாருக்கு நல்லது?" என்றாள். இரவு என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஜூலை 28

வலையில் கோவைக்கொடி ஏறியிருக்கிறது. கனம் தாங்காமல் வலை தொய்ந்துவிடும், அறுத்துவிடுங்கள் என்று செம்மலை சொல்லிப் போனார். நான் அறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மறைக்கட்டும் என்றுதான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சுபா அவள் அம்மா வீட்டுக்குக் கீழச்சிவல்பட்டி போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணசந்தேன். எழுப்பியது மருதுவின் குரல் — சார், சார் என்று அலறல்.

அப்பச்சி நாற்காலியைப் போட்டு வேலியில் ஏறியிருக்கிறார். கை முள்ளில் மாட்டி, நாற்காலி சரிந்து, அப்படியே தொங்கியிருக்கிறார். எவ்வளவு நேரம்? தெரியலை. ரோட்டில் ஆட்கள் போய்க்கொண்டுதானே இருந்திருப்பார்கள். நான் கட்டிய துணி அவரை மறைத்துவிட்டது. முனகல் கேட்டு மருது அதைக் கிழித்துப் பார்த்திருக்கிறார். கேட்டில் பூட்டு. வெளியில் நின்றபடியே வேலிக்கு மேலாகக் கைவிட்டு, என் அப்பச்சியின் கனம் மொத்தத்தையும் தாங்கிக்கொண்டு நின்றார். அவர் உள்ளங்கையிலும் ரத்தம்.

சாவி எங்கே வைத்தேன் என்று எனக்கு நினைவில்லை. எனக்கு! தனியாளாக அவரை இறக்க முடியாமல், ஆட்களை உள்ளே விட வீடு முழுக்கத் தேடினேன்.

ஆகஸ்ட் 12

காரைக்குடி ஆஸ்பத்திரி. கையிலும் மார்பிலும் தையல். நர்ஸ் கட்டு மாற்றும்போது எப்படி ஆனது என்று கேட்டார். வழுக்கி விழுந்துட்டாக என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அப்பச்சியே பேசினார், ரொம்ப மரியாதையாக.

"தப்பு எம்மேலதான் ஆத்தா. அடுத்தவுக வீட்டு வேலியில ஏறிட்டேன். வீட்டுக்காரர் நல்ல மனுஷன், இந்தா நிக்கிறாரே இவருதான். போலீசுக்குச் சொல்லாமக் கூட்டியாந்துட்டாரு."

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் நர்சைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எம் மகன்ட்ட மட்டும் சொல்லிறாதீக. ஆபீசுல இருக்கான். அவனுக்கு அசிங்கமாப் போயிரும்."

இதற்கு மேல் எழுத முடியலை.

ஆகஸ்ட் 14

செம்மலைக்குப் போன் செய்தேன். முள்கம்பியை எடுக்கணும் என்றேன்.

"இப்பத்தான சார் போட்டோம். துருகூடப் பிடிச்சிருக்காதே."

"எங்க அப்பச்சி அதுல ஏறிக் கையைக் கிழிச்சுக்கிட்டாக. அவுக வெளிய போகக் கூடாதுன்னுதான் உள்பக்கமாப் போடச் சொன்னேன்."

சொல்லிவிட்டேன். "நாளைக்கு வாரேன் சார்" என்றார்.

சாயங்காலம் மருது வீட்டுக்குப் போய் அதையே திரும்பச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். அவர் கையில் கட்டுப் போட்டிருந்தார். "எனக்கும் அன்னைக்குக் கோவந்தான் சார்" என்றார். "ஆனா நீங்க இழுத்துட்டுப் போன விதம் அதைவிடக் கஷ்டமா இருந்துச்சு."

சுபா என் பின்னாலேயே வந்து மருது வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19

நாளைக்கு என்ற செம்மலை இன்றுதான் வந்தார். முள்கம்பி போயிற்று. பச்சைத் துணியை நானே அவிழ்த்தேன், கோவைக்கொடியையும் அறுத்தேன். வேலி வேண்டாமென்று சொல்லத் தைரியமில்லை. ரோட்டில் லாரி போகிறது. டாக்டரும் இருக்கட்டும் என்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள முத்தழகு அக்கா வருகிறார். காலையிலும் சாயங்காலமும் நான் வெளியே கூட்டிப்போகிறேன். எத்தனை தூரம் போவது என்பது அப்பச்சி இஷ்டம்.

அக்டோபர் 20, ஞாயிறு

ராத்திரி மழையில் மூலைத் தூண் சாய்ந்துவிட்டது. செம்மலை போனை எடுக்கவில்லை. மருதுவும் நானுமே கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். அப்பச்சி பக்கத்தில் நின்று, "இங்குட்டுச் சாயுது, அங்குட்டு நெம்புங்க" என்று எங்களை விரட்டினார். யாரோ வேலைக்கு வந்த ஆட்கள் என்று நினைத்திருப்பார்.

தூணை நிமிர்த்தி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது மருது தலையை நிமிர்த்தி, "அப்பச்சி கிளம்பிட்டாக" என்றார். சாக்கோட்டைப் பக்கம் போகும் ரோட்டில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

நான் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டேன். முழங்கால் வரை சேறு, மடித்துக் கட்டிய கைலி. ரவிக்குமார் குடும்பத்தோடு பைக்கில் எதிரே வந்து நிறுத்தினான். "நல்லா இருக்கீகளா?" என்று அப்பச்சியைக் கேட்டான்.

"கடைக்குப் போறோம்" என்றார் அப்பச்சி.

"ஆமா, கடைக்குத்தான்" என்றேன் நான்.

டீக்கடை வரை போனோம். அவர் தன் டீயில் பாதியை என் கிளாசில் ஊற்றினார்.