சக்கர வாரைக் கழற்றிவிடு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீயும் என் மருமகள் சிட்டுவும் நலமா என்று கேட்பது கடிதத்தின் முதல் வரிக்குரிய மரியாதை. இம்முறை மரியாதைக்காகக் கேட்கவில்லை. பதில் வேண்டிக் கேட்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. மருத்துவச்சியாக உனக்கு ஆற்றின் இரு கரையையும் ஒதுக்கிவிட்டார்கள் என்று அறிந்தேன். உன் வீட்டுக்காரர் சரக்குப் படகோடு புறப்பட்டால் திரும்ப வெகுநாள் ஆவதால், சிட்டுவையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டே வீடு வீடாகச் செல்வதாக எழுதியிருந்தாய். உபசாரம் செய்யாமல் ஓர் அடி எடுத்து வைப்பதில்லை என்பதால் குதிரைக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயரிட்டிருப்பதையும் படித்தோம். உன் அண்ணி நெடுநேரம் சிரித்தாள். உன் வீட்டுக்காரரையும் நான் அவ்வாறே அழைப்பதால் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. இக்கடிதத்தில் ‘மாப்பிள்ளை’ என்று வருமிடமெல்லாம் குதிரையை மட்டுமே குறிக்கும் என்று கொள்க.

அண்ணிக்குக் கடைவாய்ப் பல் மீண்டும் தொல்லை தருகிறது. அலுவலகக் கூரை ஒழுகுவதால் வழக்குக் கட்டுகளை எல்லாம் ஒரே மூலையில் அடுக்கியிருக்கிறேன்.

இனி, எழுத வந்த செய்தி. சென்ற ஆண்டு உனக்கு ஒரு சக்கர வார் அனுப்பினேன். வண்டியை நிறுத்திவிட்டு நீ இறங்கும்போது, மாப்பிள்ளையின் கடிவாள வளையத்திலிருந்து சக்கரக் குடத்தில் உள்ள உருளை வரை இழுத்து மாட்டும் தோல் வாரைச் சொல்கிறேன். ஆளில்லாத நேரத்தில் குதிரை முன்னே நடந்தால் சக்கரம் சுழலும், வார் உருளையில் சுற்றும், வாய் பின்னுக்கு இழுபடும், குதிரை நின்றுவிடும். அதன் பயன் இதுவென்று அப்போது நானே உனக்கு எழுதினேன்.

அந்த வாரை இனி மாட்ட வேண்டாம். கம்பம் உள்ள இடத்தில் கயிற்றால் கட்டு. கம்பம் இல்லாத இடத்தில் இரும்புக் குண்டை இறக்கிக் கடிவாளத்தோடு பிணைத்து வை. இரண்டுக்கும் வழியில்லையெனில் சிட்டுவை வண்டியில் விட்டுச் செல்லாதே. காரணம் எழுத இயலாத நிலையில் இருக்கிறேன். அண்ணன் சொல்கிறான் என்பதையே காரணமாக ஏற்றுக்கொள்.

தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்த உன் அண்ணி, “தங்கச்சிக்குக் கடுதாசி எழுதுறீங்களா, நோட்டீஸ் அனுப்புறீங்களா?” என்று கேட்கிறாள். எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, கழற்றிவிட்டதாக மறு தபாலில் எழுது.

அன்புடன்,
அண்ணன்

*

அன்புத் தங்கைக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி, “வாரைக் கழற்று” என்று தந்தி அடித்தேன். “காரணம்?” என்று ஒற்றைச் சொல்லில் திருப்பி அடித்தாய். எதிர்த்தரப்பில் உன்னைப் போல் ஒரு வக்கீல் இல்லாதது நான் செய்த புண்ணியம். பின்னாலேயே உன் கடிதமும் வந்தது. நீ பேசுவதைப் போலவே எழுதுகிறவள் ஆதலால் அதைப் படிக்கும்போது எதிரே நின்று கையை ஆட்டுவது போலவே இருந்தது.

“நீயே அனுப்பின, நீயே ‘இது இருந்தா நிம்மதியா இறங்கிப் போகலாம்’னு எழுதின. இப்ப கழட்டுங்கிற. ஏன்னு கேட்டா கேக்காதேங்கிற. நான் என்ன உன் கோர்ட்டுல கூண்டுல ஏறி நிக்கிற சாட்சியா?” என்று கேட்டிருக்கிறாய். கயிற்றால் கட்டினால் மாப்பிள்ளை முடிச்சைப் பல்லாலேயே அவிழ்த்துவிடுகிறார் என்கிறாய். இரும்புக் குண்டோடு விட்டபோது அதையும் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு தானியக் கடைக்கே போய் நின்றாராம். கடைக்காரர், “ஐயா எடைக்கல்லையும் கையோட கொண்டாந்துட்டாரு” என்றாராம். இதைப் படித்தபோதும் உன் அண்ணி சிரித்தாள். என்னால் முடியவில்லை.

ஏனெனில் அடுத்த பத்தியை நான் முன்னமே படித்திருந்தேன். படகுத்துறைச் சரிவில் உள்ள வீட்டில், கால் வீங்கிப் படுத்திருக்கும் ஒரு கர்ப்பிணியை நாள்தோறும் பார்க்கப் போகிறாய். அந்த வீட்டில் காய்ச்சலும் இருப்பதால் சிட்டுவை உள்ளே அழைத்துப்போக முடியாது. பாதை குறுகலானதால் வண்டி மேட்டைப் பார்த்து நிற்கிறது, அதன் முதுகு தண்ணீரைப் பார்க்கிறது. “அங்கதான் அண்ணா அந்த வாரோட அருமையே தெரியுது” என்று எழுதியிருக்கிறாய். உன் பேச்சைக் கேட்டுப் பால்காரர், ரொட்டிக்காரர், தபால்காரர் ஆகிய மூவரும் அதே வாரை வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்றும், “அவங்களும் கழட்டணுமா, இல்ல எனக்கு மட்டும்தானா?” என்றும் கேட்டிருக்கிறாய்.

என் நிலையை விளக்குகிறேன். அந்த வாரைச் செய்யும் பட்டறையின் முதலாளி என் கட்சிக்காரர். அவர் மீது ஒரு புல் வியாபாரி வழக்குத் தொடுத்திருக்கிறார். வண்டியை நிறுத்தி வாரை மாட்டிவிட்டு அவர் கட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கையில், வண்டி பின்னோக்கிப் போய்க் கரையிலிருந்து விழுந்தது. குதிரை இறந்தது. தடுக்கப் பாய்ந்த அவருக்கு ஒரு கால் போயிற்று. வார் பழுதானது என்பது அவர் தரப்பு. ஓட்டியவரின் கவனக்குறைவு என்பது எங்கள் எதிருரை. இவ்வளவும் நீதிமன்றப் பதிவில் உள்ளவை. எவரும் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். முதலாளி என் அறையில் என்னிடம் கூறியவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை மனைவிக்கும் சொல்லக் கூடாது, உடன்பிறந்தவளுக்கும் சொல்லக் கூடாது. இத்தனை ஆண்டு அந்த எல்லையைத் தாண்டியதில்லை.

ஆயினும், ஒருவன் தன் கண்ணால் காண்பதைச் சொல்ல எவர் தடையும் இல்லை. ஆகவே கடையில் ஒரு சக்கர வார் வாங்கினேன். பக்கத்து வீட்டு மருத்துவரின் வண்டியைக் கேட்டு வாங்கி, சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி முட்டுக் கொடுத்தேன். குதிரை நிற்கவேண்டிய இடத்தில் உன் அண்ணியை நிறுத்தி, வாரின் மறுமுனையைக் கையில் கொடுத்தேன். சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினேன். வார் சுற்றிக்கொண்டு அவளைப் பின்னுக்கு இழுத்தது. வாரைத் தளர்த்திவிட்டுப் பின்னோக்கிச் சுழற்றினேன். மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு அப்போதும் அவளைப் பின்னுக்கே இழுத்தது. “எந்தப் பக்கம் சுத்தினாலும் இழுபடுறது நான்தான். கல்யாணம் ஆனதிலேருந்து இதானே நடக்குது, இதுக்கு வண்டிச் சக்கரம் வேற எதுக்கு?” என்றாள்.

நீ சிரிப்பாய். சிரித்து முடித்தபின் யோசி. வாய் இழுபட்டால் பின்னே போ என்றுதான் குதிரையைப் பழக்கியிருக்கிறோம். எதையோ கண்டு மிரண்டு அது தானாகவே பின்வாங்கும்போது, அதே வார் ‘இன்னும் போ, இன்னும் போ’ என்று அதற்குக் கட்டளை இடுகிறது.

இது என் முற்றத்தில் நான் கண்டது. வேறு எவரும் எனக்குச் சொன்னது அன்று. இதை வைத்து உன் வாரைக் கழற்று. மற்ற மூவரைப் பற்றிய கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இல்லை.

கவலையுடன்,
அண்ணன்

*

அன்புத் தங்கைக்கு,

இக்கடிதம் கைக்கு வரும்போது நீ வண்டியில் இருந்தால் முதலில் சிட்டுவை இறக்கிவிடு. பிறகு படி.

“படகுத்துறைக்கு வண்டியில் போகாதே” என்று நான் அடித்த தந்தி கிடைத்திருக்கும். அதற்கும் காரணம் கேட்பாய் என்று தெரியும். இதோ எழுதுகிறேன்.

நீயும் சோதித்துப் பார்த்ததாக எழுதியிருந்தாய். தெருவில் வாரை மாட்டிவிட்டு மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே முறத்தை ஆட்டினாயாம். இரண்டடி பின்னே போய் நின்றுவிட்டார் என்றும், “அண்ணியும் குதிரையும் ஒண்ணா அண்ணா? அவரு அண்ணியவிட நிதானமானவரு” என்றும் எழுதியிருந்தாய். ஆகவே வாரைக் கழற்றவில்லை. பால்காரரிடம் சொன்னதற்கு அவர், “வக்கீலண்ணன் நல்லதுன்னார், வாங்கினோம். இப்ப கெட்டதுங்கிறார். ரெண்டுல எது பொய்யின்னு அவரையே கேட்டுச் சொல்லும்மா” என்றாராம். நியாயமான கேள்வி. குறுக்கு விசாரணையில் நானும் அதையே கேட்டிருப்பேன்.

உன் தெரு சமதரை, தங்கையே. சமதரையில் அது நின்றுவிடும் என்பது எனக்கு உன் கடிதத்துக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன். என் தங்கையின் குழந்தை அந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறது, அவளுக்கு மட்டுமாவது சொல்ல அனுமதி தாருங்கள் என்று கேட்டேன். அவர் கொடியவர் அல்லர். எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் மறுத்தார். “ரகசியம் மருத்துவச்சி வீட்டுல தங்குமா வக்கீலய்யா? நாலு வீடு ஏறி இறங்குறவங்க. உங்க தங்கச்சிய மட்டும் எப்படியாவது சமாளிச்சுக் கழட்டச் சொல்லுங்க. மத்தவங்க அவங்கவங்க பாடு” என்றார்.

நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்று அவர் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. அங்கேயே வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். வழக்கை விட்டாலும் வாய்க்கட்டு விடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அதை அறிந்தே எழுதுகிறேன்.

எதிருரை எழுதும் சமயத்தில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் கூறியது இது. பட்டறைக்குப் பின்னால் உள்ள சரிவில் ஒரு வண்டியைக் குதிரையோடு நிறுத்திச் சோதித்திருக்கிறார்கள். சமதரையில் ஓரிரு அடியில் நின்ற அதே குதிரை சரிவில் நிற்கவில்லை. வண்டியின் கனம் பின்னுக்கு இழுக்க, சக்கரம் சுழல, வார் இறுக, வாய் இழுபட, குதிரை மேலும் பின்வாங்கியது. சுவரில் மோதித்தான் நின்றது. புல் வியாபாரியின் வண்டி நின்ற கரையில் சுவர் இல்லை. உன் படகுத்துறையிலும் இல்லை.

அது மட்டுமன்று. “இப்ப வர்றதுல எல்லாம் உருளைக்குள்ள ஒரு பல்லு வச்சிட்டோம். பின்னால போனா உருளை சும்மா சுத்தும், வாரை இழுக்காது. பழசெல்லாம் தானா தேஞ்சு போயிடும். அதுவரைக்கும் வாயத் தொறக்காம இருந்தாப் போதும்” என்றும் சொன்னார். உன்னிடமும் அந்த மூவரிடமும் இருப்பது பழையது. கையால் உருளையைப் பின்னோக்கிச் சுழற்றிப் பார்த்தால் தெரியும். புதியதில் ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்கும். பழையதில் ஓசை இராது.

நடந்து முடிந்ததைக் கட்சிக்காரருக்காக மறைப்பது என் கடமை. இனி நடக்கப்போவதை மறைப்பதற்கு என்னிடம் உள்ள சட்டப் புத்தகங்களிலெல்லாம் இடம் தேடிப் பார்த்தேன். ஒன்றிரண்டில் அகப்படவும் செய்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

இக்கடிதம் வெளியே போனால் வழக்கறிஞர் சங்கத்தில் என்னை விசாரிப்பார்கள். பெயரை நீக்கவும் செய்யலாம். நாளைக் காலை நானே சங்கத் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிடப் போகிறேன். உன் அண்ணியிடம் சொன்னேன். “சிட்டு இறங்கிட்டாளான்னு முதல்ல தெரியணும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள்.

உன்னை நான் அறிவேன். இதைப் படித்த கையோடு உன் வாரைக் கழற்றுவாய். பிறகு, அண்ணன் பிழைப்பு போய்விடுமே என்று இக்கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, அந்த மூவரிடமும் ‘கழட்டிடுங்க, நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று கெஞ்சிப் பார்ப்பாய். அவர்கள் சிரிப்பார்கள். கழற்ற மாட்டார்கள். காரணம் இல்லாமல் நீயே கழற்றவில்லையே. ரொட்டிக்காரரின் வண்டியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததனாலேயே அவர்களை விட்டுவிட முடியவில்லை.

ஆகவே அண்ணனாக இருந்து கேட்கிறேன். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து இதை மறைத்துவிடாதே. மூவரையும் கூட்டி வைத்து உரக்கப் படித்துக் காட்டு. பின்பு வண்டிகள் நிற்கும் கொட்டகையில், ஈரம் படாத சுவராகப் பார்த்து ஒட்டு. அடியில் உள்ள கையொப்பம் மறையாதபடி ஒட்டு.

சிட்டு நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். அவளோடு அந்த ஊர்க் குழந்தைகளும்.

இங்ஙனம்,
உன் அண்ணன்,
சக்கர வார்ப் பட்டறைக்கு வழக்கறிஞனாக இருந்தவன்