கொண்டெய்னருக்குக் குடிபூரல்

பெப். 3, திங்கள்

வெயில் நாற்பது. நகரின் ஒரு முனை டார்னெய்ட்டிலிருந்து மறுமுனை த பேசின் வரை காரில் வெந்துகொண்டே போனேன்.

சபா அண்ணனின் (இனி ச.அ.) காணியில் இரண்டு கொண்டெய்னர்களும் வந்து இறங்கிவிட்டன. ஒன்று என் பொறுப்பு: தோசைக் கடைகளின் பழைய எண்ணெயை டீசலாக்கும் இயந்திரம். மற்றதில் நான்கு கட்டில், ஒரு ஜன்னல். வெள்ளமோ காட்டுத்தீயோ, லொறியில் கொண்டுபோய் இறக்கினால் ஒன்று டீசல் தரும், மற்றது கூரை தரும். யோசனை நல்லதுதான். ஆள்தான் சரியில்லை. நேற்றுவரை வீடு விற்றவர், இன்று விசிட்டிங் கார்டில் 'நிறுவுநர்'.

இரண்டு பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கத்தான் இடம். தள்ளி வைக்கச் சொன்னேன்.

"படத்தில ரெண்டும் சேர்ந்து விழோணும் தங்கச்சி."

விழட்டும்.

பெப். 5, புதன்

வாங்க: கையுறை, வடிதுணி, பால் 2 லீ.

ச.அ. ஒரு குடும்பத்தையே பிடித்து வந்துவிட்டார். குமுதினி, இரண்டு பிள்ளைகள். போன கிழமைக் காற்றில் மரம் விழுந்து வாடகை வீட்டுக் கூரை போய், காரில் படுத்தவர்கள். "உண்மையான ஆக்கள் இருந்தாத்தான் காட்டலாம்" என்கிறார், கண்காட்சிக்கு ஆடு கொண்டுவந்தவர் மாதிரி. டீசலாக்க எண்ணெயில் கலக்கும் மெத்தனோல் வரும்வரை படுக்கலாம், வந்தபின் கூடாது, சட்டென்று தீப்பற்றும் என்று சொல்லிவிட்டேன். தலையாட்டினார். அந்தத் தலை எதற்கும் ஆடும்.

பெப். 8, சனி

காற்று. நாசமாய்ப் போன நாள்.

காலையில் போனால் மாவிலைத் தோரணம். கொண்டெய்னருக்குக் குடிபூரலாம், புதுவீடு புகுகிற மாதிரி! ஐயர், பட்டுச் சேலைகள், டை கட்டிய கவுன்சில் ஆள் ஒருவர். இயந்திரம் ஓடிக் காட்ட வேண்டுமென்று எனக்குச் சொல்லாமல் மெத்தனோல் பீப்பாய்களையும் நேற்றே இறக்கியிருக்கிறார். ஒன்றின் மூடி சரியாக இறுகவில்லை, எட்ட வரும்போதே மணந்தது. அதற்குப் பக்கத்துப் பெட்டி வாசலில் காஸ் அடுப்பு, அதில் பால். ஐயர் கையில் சூடம். படித்த சனம் முழுக்கச் சுற்றி நின்று பால் எந்தப் பக்கம் பொங்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றது.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பால் பொங்கவில்லை.

"நல்ல காரியத்தில இப்பிடியே செய்யிறது?" ஒரு அன்ரி.

"ஒரு சூடம்தானே தங்கச்சி" என்றார் ச.அ.

மெத்தனோல் பற்றினால் பகலில் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கவுன்சில் ஆளுக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் இரண்டு பெட்டியையும் பார்த்தார், இனி இங்கே யாரும் படுக்கக்கூடாது என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அத்தனை முட்டாள்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் சரி.

எல்லோரும் போனபின் குமுதினி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. இப்ப நாங்கள் எங்க போறது?"

அதை நான் யோசிக்கவில்லை. காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

பெப். 10, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை.

குமுதினிக்குச் சொன்னவை: சப்பாத்து வெளியே. குளிப்பு ஐந்து நிமிடம். குசினியில் கருவாடு பொரிக்கக் கூடாது. பிள்ளைகள் சோபாவில் ஏறக் கூடாது. எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா". அவர்கள் படுக்கும் அறைக்குள் அயர்ன் பண்ணும் மேசை எடுக்கப் போனேன், பிறகு துவாய் எடுக்க, பிறகு சார்ஜர். என் அறைதானே, தட்டவில்லை. மூன்று தடவையும் எழுந்து நின்றாள்.

மத்தியானம் ச.அ. போன். வெட்கம் கெட்ட மனிதர்.

"குமுதினியைப் பிள்ளையளோட கூட்டிக்கொண்டு வாங்கோ. படுக்கத் தேவையில்லை. வாசலில நிண்டு ஒரு படம், அவ்வளவுதான்."

வாயில் வந்ததைச் சொல்லி வைத்தேன். குமுதினி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"படத்துக்குப் போனா, திரும்ப அதில படுக்க விடுவினமோ அக்கா?"

"அந்தத் தகரப் பெட்டியிலயோ? இங்க என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. அங்க கதவை உள்ளுக்கால பூட்டலாம்."