ஒரு கைக்குத் திறக்காத மூடி

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் உடம்பும் மனசுமாக நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் ஒரு வீட்டில் பார்த்ததிலிருந்து நான்தான் ஒரு நிலையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் உள்ள குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யப் பயிற்சி டாக்டர்களுக்குக் கொடுக்கிற சின்ன ஆய்வு உதவித்தொகை உன் தங்கைக்குக் கிடைத்தபோது, "இத வச்சு என்னத்தப்பா கிழிக்க முடியும்" என்று நீ சிரித்தாய், நானும்தான் சிரித்தேன். டிஸ்சார்ஜ் ஆனவர்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்ப்பது அவள் திட்டம். டாக்ஸி கட்டுப்படியாகாது என்று பெட்ரோலை மட்டும் போட்டு என்னை டிரைவராக்கிவிட்டாள். முதல் வீடு, மாடியில் தனியாக இருக்கும் ஒரு ரிட்டயர்டு டைப்பிஸ்ட் அம்மா, பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டவர். கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளே போனால் நாற்காலியில் சரிந்து கிடக்கிறார், வாய் கோணியிருக்கிறது, மடியில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை டப்பா. அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி, இரண்டு கை இல்லாமல் திறக்காது. மூடி முழுக்கப் பல் தடம். "தொறக்க வரலம்மா" என்று ஏதோ தப்பு செய்துவிட்டவர் போலக் குழறினார்.

ஆம்புலன்ஸில் ஏற்றி வார்டில் சேர்த்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தவள், "அவங்கள வீட்டுக்கு அனுப்பினதே நான்தான்பா, மாத்திரைய மறக்காதீங்கன்னு சொன்னேனே தவிர கையப் பார்க்கலியே" என்று அழுத அழுகையை என்னால் எழுத முடியவில்லை.

மாத்திரை உள்ளே போகாததால் மறுபடி வந்த பக்கவாதமாம். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. டாக்டர்கள் கூட்டத்தில் பெரிய டாக்டர், "நாம குடுத்தோம், அவங்க சாப்பிடல, என்ன பண்றது?" என்றாராம். இவள் ஆளுக்கொரு டப்பாவை முன்னால் வைத்து, "ஒரே கையால தொறங்க சார்" என்றாளாம். ஒருத்தராலும் முடியவில்லை. பெரிய டாக்டரின் டப்பா உருண்டு மேஜைக்கடியில் போனதாம், யாரும் சிரிக்கவில்லையாம். இப்போது உதவித்தொகையில் மிச்சமிருந்ததில் தட்டினால் திறக்கும் டப்பாக்கள் வாங்கியாயிற்று. நோயாளி தானே திறந்து காட்டாமல் அந்த வார்டிலிருந்து யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

இவள்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ மறக்காமல் போன் பண்ணு, பாராட்டவும் வேண்டாம் புத்தியும் சொல்ல வேண்டாம், அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிரு, அது போதும். நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். நாளைக்கு இரண்டாவது வீட்டுக்குப் போகிறோம், எனக்குத்தான் படியேறப் பயமாக இருக்கிறது.

என்றும் உன் நினைவாக,
அப்பா